அழிந்த அலையாத்திக் காட்டை மீட்பது எப்படி: முதலில் தண்ணீர், கடைசியில் நாற்று

சேற்றில் இறங்கி ஆயிரம் நாற்று நட ஒரு நாள் போதும். படமும் நன்றாக வரும். எட்டு மாதம் கழித்து அது நிற்கிறதா என்று பார்க்கத்தான் ஆள் இருப்பதில்லை. இலங்கையில் அலையாத்தி நடப்பட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் பிற்பாடு போய்ப் பார்த்தபோது 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. பிலிப்பைன்ஸில் பல ஆண்டுகள் பெரும்பணம் போட்டு நட்டதில் நிலைத்தது 10 முதல் 20 சதவீதம்தான் என்று 2008இல் வந்த ஆய்வு கணக்குச் சொன்னது. பொருந்தாத இடம், பொருந்தாத இனம், நட்டபின் திரும்பிப் பார்க்காதது: காரணங்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

அலையாத்தி தன் விதையைத் தானே தண்ணீரில் அனுப்பும் மரம். பக்கத்தில் காடு இருந்தும் ஒரு சேற்று நிலத்தில் ஆண்டுக்கணக்கில் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் அங்கே ஏதோ தடுக்கிறது. அது என்னவென்று தெரியாமல் நட்டால், விதையைத் தடுத்தது நாற்றையும் கொல்லும். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வெஸ்ட் லேக் என்ற இடத்தில் 1986இல் தொடங்கிய பணியில் சூழலியலாளர் ராபின் லூயிஸ் இதைச் செய்து காட்டினார். சுமார் 500 ஹெக்டேரில், மண் கொட்டி மேடாகிப்போன பகுதிகளை அருகிலிருந்த காட்டின் மட்டத்துக்கு வெட்டி இறக்கி, ஓடைகளைத் திறந்துவிட்டார்கள். நாற்று நடவில்லை. அங்கு வளரக்கூடிய மூன்று அலையாத்தி இனங்களும் தாமே வந்து சேர்ந்தன.

இனி வருவது அந்த வழிமுறை. பெரும்பகுதி மட்டம், தண்ணீர், மண், கரை பற்றித்தான். நடவு கடைசிக்குச் சற்று முன்னால் வரும்; பல இடங்களில் அதற்குத் தேவையே இருக்காது.

கேட்க வேண்டியதை முதலில் கேளுங்கள்

கருவிகளை எடுக்குமுன் அந்தச் சேற்றில் தினம் கால்வைப்பவர்களோடு ஒரு சுற்று நடந்து வாருங்கள். நண்டு பிடிப்பவர்கள், மட்டி பொறுக்கும் பெண்கள், வலைஞர்கள், ஆடுமாடு மேய்ப்பவர்கள், கைவிட்ட இறால் குளங்களின் உரிமையாளர்கள் எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்பது நல்லது. கூட்டம் போட்டால் குரல் பெரிதாக உள்ளவர் சொன்னதே பதிவாகும். கேள்விகள் எளியவை: இங்கே காடு எந்த ஆண்டுவரை இருந்தது, முதலில் எந்தப் பக்கம் பட்டுப்போனது, அதற்கு முன் என்ன நடந்தது (சாலையா, குளமா, மதகா), பழைய ஓடை எந்த வழியாக ஓடியது, முன்பு யாராவது நட்டுப் பார்த்தார்களா, அது எத்தனை மாதம் தாங்கியது?

கேட்டதைப் பழைய செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிடுங்கள். லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் உள்ளன, இலவசமாகக் கிடைக்கும். படத்தில் ஓடை இருந்த கோடும், பெரியவர் விரலால் காட்டும் கோடும் ஒன்றானால் கரையை எங்கே உடைப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

மட்டம்: இதில்தான் எல்லாமே இருக்கிறது

அலையாத்தி கடலுக்குள் வளராது. கடல் வந்துபோகும் இடத்தில் வளரும். தோராயமாக, சராசரிக் கடல்மட்டத்துக்கும் உச்சப் பெருக்கு தொடும் மட்டத்துக்கும் இடைப்பட்ட ஒரு குறுகிய பட்டையே அதற்கு உரியது. லூயிஸ் சொல்லும் கணக்கில், மொத்த நேரத்தில் 30 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ நீரில் மூழ்கியிருக்கும் நிலம் பொருத்தமானது. மலாயாவின் காடுகளை ஆராய்ந்த வாட்சன் 1928இல் தந்த வகைப்பாடு இன்றும் களத்தில் உதவும். நாளுக்கு இருமுறை பெருக்கு வரும் கடலில் மாதம் சுமார் 60 பெருக்கு. அதில் 56க்கு மேல் மூழ்கும் நிலத்தில் ஏறக்குறைய எதுவும் நிற்காது. 20 முதல் 45 வரை மூழ்குவது பெரும்பாலான இனங்களுக்கு ஏற்றது. 2 முதல் 20 வரை என்றால் அது உள்கரை இனங்களின் இடம். நாளுக்கு ஒரே பெருக்கு வரும் கடலாக இருந்தால் எண்ணிக்கையை விட்டுவிட்டு மூழ்கும் மணிநேரத்தைக் கணக்கிடுங்கள்.

இந்தப் பட்டையில் 15 செ.மீ. பிசகினாலே விளைவு மாறிவிடும். அதனால் வரைபடத்தை நம்ப வேண்டாம். அருகிலுள்ள ஆரோக்கியமான காட்டை அளவுகோலாகக் கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு இனத்திலும் பத்துப் பதினைந்து மரங்களின் அடிமண் மட்டத்தை அளந்து, மிகத் தாழ்வானதையும் மிக உயர்ந்ததையும் குறித்து வையுங்கள். மீட்க நினைக்கும் நிலம் அந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும்.

அளக்க விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை. கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவலே போதும். 10 மி.மீ. உள்விட்டமுள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் 20 மீட்டர், செ.மீ. குறியிட்ட இரண்டு கம்புகள், வாளியில் தண்ணீர். வாளியை உயரத்தில் வைத்து வாயால் உறிஞ்சி மெதுவாக நிரப்புங்கள். குழாயை நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினால் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும், ஒரு சிறு குமிழ் இருந்தாலும் அளவு பொய். நிறத்துக்கு நாலு சொட்டு மை விட்டால் வெயிலில் படிக்க எளிது. இரு முனையிலும் கட்டைவிரலை எடுத்துவிட்டு நீர் ஆடி அடங்கும்வரை பொறுங்கள். நீர்ப்பரப்பின் வளைவில் அடிப்பகுதியைப் படியுங்கள். கம்பு சேற்றில் அமிழ்ந்துவிடாமல் அடியில் ஒரு பலகைத் துண்டு. கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து அளக்க வேண்டும்: தொடக்க அளவுக்கும் முடிவுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைய வேலை முழுவதும் மறுபடி.

நிலம் பரந்திருந்தால் கடலையே மட்டமாக வைத்துக்கொள்ளலாம். காற்றில்லாத நாளில், பெருக்கு உச்சிக்கு வந்து தண்ணீர் அசையாமல் நிற்கும் சில நிமிடங்களில், காட்டில் இருவரும் நிலத்தில் நால்வரும் ஒரே நேரத்தில் கம்பை நட்டு ஆழத்தைப் படிக்கிறார்கள். காட்டில் 20 செ.மீ., நிலத்தில் 55 செ.மீ. என்றால் நிலம் 35 செ.மீ. தாழ்ந்திருக்கிறது. கரையால் சூழப்பட்ட குளத்துக்குள் இது செல்லாது. உள்ளே தண்ணீர் தாமதமாக ஏறித் தாமதமாக இறங்கும்.

இரவுப் பெருக்கு எவ்வளவு ஏறியது என்று அறிய ஒரு சின்ன உபாயம் உண்டு. 50 மி.மீ. பிவிசி குழாய் ஒன்றரை மீட்டர் எடுத்து, அடியில் நாலைந்து சிறு துளையும் மேல் மூடியில் ஒரு காற்றுத் துளையும் போடுங்கள். உள்ளே ஒரு மரச்சட்டம், அடியில் ஒரு கைப்பிடி தக்கைத் தூள். தண்ணீர் ஏறும்போது தூள் மிதந்து ஏறும்; இறங்கும்போது உச்சியில் ஒரு கோடாகச் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். காலையில் சட்டத்தை உருவிப் படித்து, துடைத்து, திரும்ப வைக்க வேண்டியதுதான். காட்டில் ஒன்று, நிலத்தில் ஒன்று என அமாவாசை, பௌர்ணமி, இடைப்பட்ட சிறு பெருக்கு எல்லாம் அடங்கும்படி ஒரு மாதம் பதிவெடுங்கள்.

உப்பும் மண்ணும்

மட்டம் சரியாக இருந்தும் செடி இல்லையா? தண்ணீர் வந்து போகாமல் தேங்குகிறதா என்று பாருங்கள். தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு ஏறும். தமிழகத்தின் பிச்சாவரத்தில் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. காலனிக் காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். நிழல் போன சேறு காய்ந்து அமிழ்ந்து தட்டுப்போலக் குழிந்தது. பெருக்கில் வந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உப்புப் பாத்தியானது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என்று ஓடையோடு இணைத்த பிறகே செடி பிடித்தது.

உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். மேல்தண்ணீரை அளந்து பயனில்லை, வேர் குடிப்பது மண்ணுக்குள் இருப்பதை. 30 செ.மீ. குழி தோண்டி, ஊறிவரும் நீரில் ஒரு சொட்டு எடுங்கள். களிமண் இறுகி நீர் ஊறாவிட்டால் சேற்றைத் துணியில் கட்டிப் பிழியலாம். கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. வெண்கண்டல் என்ற அலையாத்தி இனம் இதைப்போல் இருமடங்கையும் பொறுத்துக்கொள்ளும், ஆனால் குட்டையாக நிற்கும். சுரபுன்னை என்ற இன்னோர் அலையாத்தி இனம் அந்த அளவுக்குத் தாங்காது. கருவியின் அளவுகோலைத் தாண்டிவிட்டால் சம அளவு காய்ச்சிவடித்த நீர் கலந்து, வரும் எண்ணை இரட்டியுங்கள். கோடைக் கடைசியில் ஒரு முறையாவது அளந்தே ஆக வேண்டும். மழைக்காலத்தில் எடுத்த நல்ல எண்ணை நம்பி ஏமாந்த திட்டங்கள் ஏராளம்.

இறால் குளமாக இருந்த மண்ணில் இன்னொரு வம்பு உண்டு. அலையாத்திச் சேற்றில் பைரைட் என்ற இரும்புக் கந்தகம் இருக்கும். ஈரத்தில் இருக்கும்வரை சாது. காற்றுப்பட்டுக் காய்ந்தால் கந்தக அமிலமாகிறது. கரையில் வெளிர் மஞ்சள் திட்டுகளும், வாய்க்காலில் துருநிற வழுவழுப்பும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பிஎச் 4க்குக் கீழே இறங்கிய மண்ணில் எதையும் நடாமல், பல மாதம் பெருக்கு ஏறி இறங்கி அலசிப் போக விட வேண்டும். வெட்டிய மண்ணைக் கரையில் குவித்துக் காயவிட்டால், நீங்களே புதிதாக ஓர் அமில ஊற்றைத் திறந்தவர் ஆவீர்கள். அதை உடனே பக்கத்துப் பள்ளத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே தள்ளுங்கள்.

கரையை உடைப்பது

உடைக்கும் இடம் பழைய ஓடையின் வாய். அகலத்தை ஊகித்து வெட்டாதீர்கள். இதே அளவு நிலத்துக்கு நீர் கொடுக்கும் இயற்கை ஓடை ஒன்றைப் பக்கத்தில் தேடி, அதன் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து அப்படியே வெட்டுங்கள். வாய் குறுகலானால் தண்ணீர் பீறிட்டு இருபக்கமும் அரிக்கும், உள்ளே முழுதாக வடியவும் வடியாது. இருக்கட்டும் என்று பத்து இடத்தில் உடைத்தால் ஒவ்வொன்றிலும் ஓட்டம் மெலிந்து, ஒவ்வொன்றாகத் தூர்ந்துபோகும். உடைப்பின் அடிமட்டம் குளத்தின் தரையைவிட உயர்ந்திருக்கக்கூடாது, பத்து செ.மீ. உயர்ந்திருந்தாலும் கடல் இறங்கும் வற்றத்தில் அவ்வளவு தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும். அரைகுறையாக உடைத்த கரையின் வழக்கமான கோளாறு இது.

பொக்லைன் வைத்தால் சிறு பெருக்கு நாட்களில், உட்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். உள்வாய்க்கால்கள் முடிந்து, உள்ளும் புறமும் நீர்மட்டம் சமமாக இருக்கும் வேளையில் கடல்பக்கச் சுவரைக் கடைசியாக எடுக்க வேண்டும். குளத்தின் தரை சராசரிக் கடல்மட்டத்துக்கும் கீழே அமிழ்ந்துவிட்டதென்றால் அங்கே மரம் வராது என்று ஒப்புக்கொள்வதே மேல். கரை மண்ணைத் தரையில் பரப்பி உயர்த்தலாம், அல்லது வண்டல் படிந்து உயர ஆண்டுக்கணக்கில் காத்திருக்கலாம்.

ஒன்றை மறக்கவே கூடாது. அந்தக் கரை பலருக்கு வழித்தடம். படகுத்துறைக்கும் நண்டுக் காட்டுக்கும் அதன்மேல்தான் நடக்கிறார்கள். உடைப்பின் குறுக்கே கைப்பிடியோடு ஒரு மரப்பாலம் போடாவிட்டால், இரண்டு வாரத்தில் யாராவது மண்மூட்டை போட்டு உடைப்பை அடைத்திருப்பார்கள். அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

காகிதத்தில் முடிக்க வேண்டியவை

பிலிப்பைன்ஸில் தவறான இடங்களில் நட்டதற்கு ஒரு நிர்வாகக் காரணம் இருந்தது. காடு இருந்த நல்ல மட்டமெல்லாம் குளங்களாகிவிட்டது, அதற்கு உரிமையாளர்கள் இருந்தார்கள். கடலோரச் சேற்றுவெளியைக் கேட்க ஆளில்லை. ஆகவே நாற்று அங்கே போயிற்று. கடற்புல் தரையிலும், கரைப்பறவைகள் இரைதேடும் சேற்றிலும் நட்டால் நாற்றும் சாகும், இருந்த வாழிடமும் கெடும். சுலபமாகக் கிடைக்கும் நிலத்தை அதனாலேயே சந்தேகியுங்கள்.

குத்தகை ஆவணம் யார் பெயரில் எந்த ஆண்டுவரை என்று பாருங்கள். உடன்படிக்கை குறைந்தது பத்தாண்டுக்கு இருக்கட்டும். மீன், நண்டு, விறகு யாருக்கு, மேய்ச்சல் எங்கே எவ்வளவு காலம் கூடாது, கரை உடைந்தபின் பக்கத்து வயலுக்கு உப்பு ஏறினால் யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். மண்வேலைக்கான அனுமதி தனி. அதற்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும், முதலிலேயே விண்ணப்பியுங்கள்.

நிதி ஒப்பந்தத்தில் ‘நட்ட நாற்று எண்ணிக்கை’ இலக்காக இருந்தால் மாற்றச் சொல்லிப் போராடுங்கள். அது மூன்றாம் ஆண்டில், ஐந்தாம் ஆண்டில் உயிரோடிருக்கும் பரப்பாக இருக்க வேண்டும். எண்ணிக்கை இலக்கும் நிதியாண்டு முடிவும் சேர்ந்தால், பருவம் பார்க்காமல், கிடைத்த சுரபுன்னையை எல்லாம் கிடைத்த சேற்றில் குத்துவதில்தான் முடியும்.

உள்பக்கமும் இடம் விடுங்கள். கடல்மட்டம் ஆண்டுக்கு 6 மி.மீ.க்கு மேல் உயர்ந்தால் அலையாத்தி மண்படிந்து ஈடுகொடுக்க முடியாமல் போகும் என்கிறது 2020இல் வந்த ஆய்வு. அப்போது காடு நிலப்பக்கம் நகர வேண்டும். அங்கே தடுப்புச்சுவரோ சாலையோ வரப்போகிறதென்றால் இப்போதே ஆட்சேபம் எழுப்பும் நேரம்.

வருமானப் பங்கைத் தொடக்கத்திலேயே பேசித் தீர்ப்பதற்கு கென்யாவின் காசி விரிகுடாவில் 2013இல் தொடங்கிய மிகோகோ பமோஜா என்ற திட்டம் நல்ல முன்மாதிரி. 117 ஹெக்டேர் அலையாத்தியைக் காத்து, அதன் கார்பன் வரவை (கார்பன் கிரெடிட்) விற்கிறார்கள். அந்தப் பணம் பள்ளிக்கும் குடிநீருக்கும் போகிறது.

நடவு, தேவைப்பட்டால் மட்டும்

நீரைத் திறந்தபின் விதை உதிரும் ஒரு பருவம் முழுக்கப் பொறுங்கள். இரண்டு மீட்டருக்கு ஒன்று வீதம், அதாவது ஹெக்டேருக்கு 2,500 நாற்று, தானே வந்தால் கைவைக்க வேண்டாம். விதை மிதந்து வருகிறது ஆனால் தங்கவில்லையென்றால் குச்சி வேலியோ, வெட்டிப்போட்ட கிளைகளோ போட்டுத் தடுத்து நிறுத்தலாம். தாய்மரங்களே அருகில் இல்லாத இடத்தில்தான் நடவு.

சுரபுன்னையின் நீண்ட முளைக்குச்சி பழுத்ததற்கு அடையாளம், காய்க்கும் குச்சிக்கும் இடையே தெரியும் கழுத்து வளையம்: ஓர் இனத்தில் மஞ்சளாகும், இன்னொன்றில் செம்பழுப்பாகும். பச்சைக் கழுத்தைப் பிடுங்கினால் அழுகும். சேற்றில் 5 முதல் 7 செ.மீ. ஆழம் போதும், கூர்முனை கீழே, மொட்டு மேலே. தலைகீழாகக் குத்துவது நம்பமுடியாத அளவுக்குச் சாதாரணம், ஆகவே தொடங்குமுன் எல்லோருக்கும் ஒருமுறை கையில் பிடித்துக் காட்டுங்கள். வெண்கண்டல் காயை ஒரு இரவு நீரில் ஊறவைத்தால் தோல் கழன்றுவிடும். ஓரிரு நாளில் விதைத்துவிட வேண்டும், சேமித்து வைக்க முடியாது. தில்லை மரத்தருகே வேலைசெய்பவர்கள் கண்ணாடி அணியட்டும், அதன் பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகும்.

பிறகு பார்ப்பது

வேலை முடிந்த அன்று ஒரு முறை. பின் 3, 6, 9, 12, 18, 24 மாதங்களில். அதன்பின் ஐந்தாண்டுவரை வருடம் ஒருமுறை. நிலையான முளைகளை அடித்து, ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், வற்றத்தில் படமெடுங்கள். 5 மீட்டர் சதுரங்கள் பத்திலாவது நாற்றை இனவாரியாக எண்ணி உயரம் குறியுங்கள். எண்ணுபவர்கள் பக்கத்து ஊர்க்காரர்களாக, கூலி பெறுபவர்களாக இருக்க வேண்டும். தன்னார்வம் மூன்றாம் வருகையோடு தீர்ந்துவிடும்.

செத்த நாற்று எதனால் செத்தது என்று சொல்லிவிட்டுத்தான் சாகிறது. தண்டெல்லாம் கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டும் ஓட்டுயிரி) ஒட்டிக் கனத்துச் சாய்ந்திருந்தால், மட்டம் தாழ்வு. அங்கே மறுநடவு வீண். தண்டு அடியில் சாய்வாக நறுக்கியிருந்தால் நண்டு. நுனி மட்டும் கடிபட்டிருந்தால் ஆடுமாடு, மேய்ச்சல் பேச்சைப் புதுப்பிக்க வேண்டும். இலை ஓரம் கருகி உயரம் ஏறாமல் நின்றால் குழி தோண்டி உப்பை அளந்து பாருங்கள். நாற்று நன்றாயிருக்க, பெரிய வெண்கண்டல் மரங்கள் கூட்டமாகப் பட்டுப்போகின்றனவா? மூச்சுவேர்களை மண் மூடிவிட்டதா, நீர் தேங்கி அவை மூழ்கியே கிடக்கின்றனவா என்று பாருங்கள். தேங்கியிருந்தால் உடைப்பின் வாய் தூர்ந்திருக்கும். அடுத்த வற்றத்திலேயே மண்வெட்டியோடு போய்விடுங்கள், மூச்சுவேர் வாரக்கணக்கில் பொறுக்காது.